அடுப்புக்காரரின் மூக்கு

அடுப்புக்காரருக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல்தான். ஒரு வாரம் படுத்தார், எழுந்தார், தலைக்குக் குளித்தார். ஆனால் போன காய்ச்சல் சும்மா போகவில்லை. அவருடைய மூக்கின் வேலையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. சோப்பை முகர்ந்தார், ஒன்றுமில்லை. பழைய துணியை முகர்ந்தார், அதிலும் ஒன்றுமில்லை. மனைவி கொடுத்த டீ, சர்க்கரை போட்ட வெந்நீராக இருந்தது.

"டீ எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு."

சளி இறங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போனார்.

வேறு தொழிலாக இருந்தால் இது ஒரு பெரிய விஷயமே இல்லை. கொத்தனாருக்கு மூக்கு எதற்கு? பஸ் ஓட்டுகிறவருக்குக் கண் இருந்தால் போதும். ஆனால் அவர் வேலை செய்த பேக்கரியின் அடுப்பு பழைய செங்கல் அடுப்பு. உள்ளே விறகை எரித்து, கனலை வாரி வெளியே தள்ளி, ஈரச் சாக்கால் அடித்தளத்தைத் துடைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே தட்டுகளை ஏற்ற வேண்டும். விறகு காய்ந்திருந்தால் ஒரு சூடு, ஈரமாக இருந்தால் ஒரு சூடு. மழை நாளில் ஒன்று, வெயில் நாளில் வேறொன்று. கடிகாரம் அங்கே சுவருக்கு அழகு, அவ்வளவுதான். கதவைத் திறந்து பார்த்து முடிவு செய்யலாமே என்றால் அதுவும் முடியாது. பாதி வேக்காட்டில் கதவைத் திறந்தால், எழும்பி நின்ற ரொட்டி வெளிக்காற்று பட்டதும் அப்படியே உட்கார்ந்துவிடும். ஆகவே மூடிய இரும்புக் கதவின் முன்னால் நின்று மூக்கால்தான் பார்க்க வேண்டும். முதலில் புளித்த மாவின் வாசம் வரும். அது அடங்கி இனிப்பாக ஒன்று கிளம்பும். அதன் பின்னாலேயே, வறுத்த கடலையைப் போல லேசான ஒரு வாசம். அப்போது திறக்க வேண்டும். அதை விட்டால் அடுத்து வருவது கரி.

இத்தனை வருஷம் அந்தக் கதவின் முன்னால் நின்று அவர் குடும்பத்தைக் காப்பாற்றியது அந்த மூக்கை வைத்துத்தான். தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்ததும், மகளை நர்ஸ் படிப்பில் சேர்த்ததும் அதை வைத்துத்தான்.

காய்ச்சலுக்குப் பிறகு வேலைக்குப் போன முதல் நாளே தட்டுகள் கரிந்தன. அவர் கதவின் முன்னால் நிற்கிறார், புகை கதவிடுக்கில் வழிகிறது, அவர் கடலை வாசத்துக்குக் காத்துக்கொண்டே இருக்கிறார். மேஜையில் மாவு பிசைந்துகொண்டிருந்த மாவுக்காரர்தான் ஓடி வந்தார். மாவுக்காரர் வேறு யாருமில்லை, அவருடைய தங்கையின் கணவர். இந்த வேலைக்கு அவரைக் கூட்டி வந்ததே அடுப்புக்காரர்தான்.

"மச்சான்! நின்னுக்கிட்டே தூக்கமா? கரியுது பாருங்க!"

சத்தம் கேட்டுக் கடைப் பக்கத்திலிருந்து முதலாளி உள்ளே வந்தார். அடுப்புக்காரர் வாயைத் திறக்கும் முன்னால் மாவுக்காரர் முந்திக்கொண்டார்.

"மாவுல சர்க்கரை கூடிப்போச்சு முதலாளி. அதான் சட்டுனு கரிஞ்சிருச்சு. என் கை தப்பு."

முதலாளி திட்டினார். மாவுக்காரர் மாவு ஒட்டிய கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நிற்கிற பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பிறகு டீ குடிக்கும்போது, விறகு அடுக்கின் பின்னால் வைத்துக் கேட்டார்.

"என்ன ஆச்சு மச்சான்? உண்மையைச் சொல்லுங்க."

"வாசம் தெரியல மாப்ளே. சுத்தமா தெரியல."

மாவுக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "ஓஹோ. அதான் காலையில பக்கத்துலயே உக்காந்து டீ குடிச்சீங்களா? நான் ரெண்டு நாளா குளிக்கலை. என்னடா மச்சானுக்கு நம்ம மேல திடீர்னு இவ்வளவு பாசம்னு நினைச்சேன்."

அடுப்புக்காரருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"யாருகிட்டயும் சொல்ல வேண்டாம் மாப்ளே. உங்க வீட்டுலயும்தான். தங்கச்சிக்குத் தெரிஞ்சா ஊரைக் கூட்டிருவா."

"சொல்ல மாட்டேன். என் மூக்கு சும்மாதானே இருக்கு? ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கலாம்."

அன்றிலிருந்து ஓர் ஏற்பாடு நடந்தது. மாவுக்காரர் மேஜையில் நின்று பிசைந்துகொண்டே மூக்கை அடுப்பின் பக்கம் வைத்திருப்பார். கடலை வாசம் கிளம்பியதும், "மச்சான், உங்கம்மா வந்துட்டாங்க!" என்று குரல் கொடுப்பார். அடுப்புக்காரர் உடனே கதவைத் திறந்து, நீளத் துடுப்பால் தட்டுகளை இழுப்பார். அடுப்புக்காரரின் அம்மா, அதாவது மாவுக்காரரின் மாமியார், இறந்து பல வருஷம் ஆகிறது. இருந்தபோது மருமகனை ஆட்டி வைத்த அம்மாள். இப்போது தினமும் பலமுறை பேக்கரிக்கு வந்துபோனாள்.

"செத்தவங்களை எதுக்கய்யா இப்படி இழுக்கறே?" என்று முதலாளியே ஒருநாள் கேட்டார்.

"உயிரோட இருந்தப்ப கூப்பிடாமயே வருவாங்க முதலாளி. இப்ப கூப்பிட்டாலாவது வராங்களான்னு பார்க்கறேன்."

முதலாளி சிரித்துக்கொண்டே போய்விட்டார். ரொட்டி பழையபடி பொன்னிறமாக வந்தது. அடுப்புக்காரர் ஒரு டாக்டரையும் பார்த்தார். வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அடுப்புக்காரர் பொறுத்துப் பார்த்தார். மழைக்காலம் வந்து போயிற்று. மூக்கு வரவில்லை.

வந்தது மாவு பிசையும் மெஷின்தான்.

நாலு பேர் சேர்ந்து தூக்கி இறக்கினார்கள். பெரிய உருளைச் சட்டி, அதற்குள் கொக்கி போல ஓர் இரும்புக் கை. பொத்தானை அழுத்தினால் சுற்றுகிறது. மாவுக்காரர் அரைப்பொழுது தோள்பட்டை வலிக்கப் பிசைவதை அது ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பிசைந்து கொடுத்தது. மாவுக்காரர் அதன் பக்கவாட்டைத் தட்டி, "என்னைவிட நல்லா பிசையறான். ஆனா ஒரு ஜோக் சொல்லச் சொல்லுங்க பார்ப்போம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மெஷின் வந்த வாரமே முதலாளி அடுப்புக்காரரைக் கடைப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார்.

"உள்ளே இனிமே ஒரு ஆளு போதும்ப்பா. மாவை எடுத்துக் கொட்டறது ஒரு வேலையா? அதையும் நீயே பார்த்துக்கலாம். அடுப்பு உன் கைக்குத்தான் அடங்கும். உன் தங்கச்சி புருஷனை நான் எப்படிப் போகச் சொல்றது? எனக்கு வாய் வரலை. நீயே பக்குவமா சொல்லிடு. மாசக் கடைசி வரைக்கும் இருக்கட்டும்."

முதலாளி கெட்டவர் இல்லை. மெஷினுக்கு வாங்கிய கடன் அவருக்கும் கழுத்துவரை இருந்தது.

அடுப்புக்காரர் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்தான். 'முதலாளி, எனக்கு வாசம் தெரியாது. அடுப்பில் என் மாப்பிள்ளையை நிறுத்துங்க.' அந்த வாக்கியம் முழுதாக நாக்கு வரைக்கும் வந்து நின்றது. அதன் பின்னாலேயே மகளின் கடைசி வருஷப் படிப்பும், தன்னுடைய வீங்கிய முழங்காலும், இந்த வயதில் வேறு எந்த வாசலில் போய் நிற்பது என்ற கேள்வியும் வந்து நின்றன.

"சரிங்க முதலாளி" என்றார்.

அன்று வேலை முடிந்ததும் மாவுக்காரர் ஏதோ வாங்கப் போனார். அடுப்புக்காரர் நேரே தங்கை வீட்டுக்கு நடந்தார். மாப்பிள்ளை வருவதற்குள் தங்கையிடம் சொல்லிவிட்டால் பாரம் பாதியாகக் குறையும் என்று ஒரு கணக்கு. ஓர் அறையும் அதை ஒட்டிய சமையல் மூலையும்தான் வீடு. குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. ஸ்டவ்வில் பருப்பு வெந்துகொண்டிருந்தது.

"நல்ல நேரத்துல வந்தே அண்ணா. ஒரு எட்டு மாடிக்குப் போய்த் துணி எடுத்துட்டு வந்துடறேன், மேகம் கட்டுது. பருப்பைக் கொஞ்சம் பார்த்துக்க."

அவர் பருப்புப் பாத்திரத்துக்கு முதுகைக் காட்டி, குழந்தையின் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தார். 'மெஷின் வந்திருக்குல்ல' என்று தொடங்கலாமா? 'முதலாளிக்கு வேற வழியில்லை' என்று தொடங்கலாமா? அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். குழந்தை இருமியது. தூக்கத்தில்தானே என்று முதுகைத் தட்டிக்கொடுத்தார். மறுபடி இருமியது.

தங்கை துணிக் குவியலைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஐயோ! என்ன அண்ணா இது, வீடு முழுக்கப் புகை! கீழ் வீட்டுக்காரங்க கத்தறாங்க. உன் மூக்கை எங்கயாவது அடகு வச்சிட்டியா?"

பாத்திரத்தைத் துணியால் பிடித்து இறக்கினாள். அடிப்பருப்பு கருகி ஒட்டிக் கிடந்தது. ஜன்னலைத் திறந்தாள், குழந்தையைத் தூக்கினாள், திரும்பி இன்னும் திட்ட வாயெடுத்தாள். அண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது.

"அண்ணா. உனக்கு நிஜமாவே தெரியலையா?"

அவர் தலையை ஆட்டினார்.

"எப்பத்திலிருந்து?"

"அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம்."

"அப்புறம் எப்படி அடுப்புல நிக்கறே?"

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே மாவுக்காரர், "எப்படி நிக்கிறார்? ரெண்டு காலாலதான்" என்றார். உள்ளே வந்தவர் புகையையும் இருவர் முகத்தையும் பார்த்து, எல்லாம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டு கதவோரம் குந்தி உட்கார்ந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று தங்கை கணவரைக் கேட்டாள்.

"தெரியும். மச்சான்கிட்ட வாக்குக் கொடுத்திருந்தேன்."

"ஆக, தினம் எங்கம்மாவை இழுத்து ஏதோ கத்தறதா சொன்னீங்களே, அது..."

"உங்கம்மாவால எனக்குக் கிடைச்ச ஒரே உபகாரம் அதுதான்."

தங்கை சிரிக்கவில்லை. அடுப்புக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, முதலாளி சொன்னதைச் சொன்னார். அடுக்கி வைத்திருந்த வார்த்தை எதுவும் உதவவில்லை. மெஷின், ஒரு ஆள் போதும், மாசக் கடைசி என்று துண்டு துண்டாக வந்தது.

"எனக்குத் தெரியும் மச்சான்" என்றார் மாவுக்காரர். "அந்த மெஷினை இறக்கினப்பவே தெரியும். தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன் இல்லையா? என் பாடையை நானே தூக்கற மாதிரிதான் இருந்துச்சு."

தங்கை குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அண்ணனைப் பார்த்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. 'நான் போய் முதலாளிகிட்ட உண்மையைச் சொல்லிடறேன், மாப்பிள்ளை அடுப்புல நிக்கட்டும்.' அதைத்தான் அவள் கேட்க நினைத்தாள். அவரும் அதைச் சொல்லத்தான் நினைத்தார். தொண்டையைச் செருமினார். அந்த நேரம் பார்த்து மாவுக்காரர் பேசிவிட்டார்.

"நீங்க ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம் மச்சான். உங்களுக்கு முழங்கால் போச்சு, மூக்கும் போச்சு. இனிமே வெளியே போய் என்ன செய்வீங்க? எனக்குக் கை இருக்கு. வெளியூர்ல பெரிய கட்டடம் ஒண்ணு எழும்புதாம், மேஸ்திரி ஆள் கேட்டுட்டே இருக்கார். ஒரு வருஷம் கண்ணை மூடித் திறந்தா போயிடும்."

"அடுப்புல யார் எனக்குக் குரல் கொடுப்பாங்க மாப்ளே?"

கேட்ட பிறகுதான், தன் கவலையைத்தான் கேட்டிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு, கருகிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினாள். அது சர்ரென்று சீறியது.

"மாசக் கடைசிக்குள்ள கத்துக்கலாம்" என்றார் மாவுக்காரர்.

மிச்ச நாட்களில் கதவிடுக்கில் தெரிகிற நிறத்தையும், இரும்பைத் தொட்டுப் பார்க்கிற சூட்டையும் வைத்து மாவுக்காரர் அவரைப் பழக்கினார். சில தட்டுகள் சரியாக வந்தன. 'நாளைக்கு முதலாளியிடம் சொல்லிவிடலாம்' என்று அடுப்புக்காரர் தினமும் நினைத்தார். அந்த நாளைக்கு வரவே இல்லை. மாவுக்காரர் லாரியில் ஏறிப் போனார். ஏறும்போது, "மச்சான், உங்கம்மாவை என்கூடக் கூட்டிட்டுப் போறேன். அங்க யாராவது மிரட்டினா தேவைப்படும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு பேக்கரிக்குள் மெஷினின் இரைச்சல் மட்டும்தான்.

கொஞ்ச நாள் தட்டுத்தடுமாறி ஓடியது. சில நாள் வெளுப்பு, சில நாள் முறுகல். விறகு சரியில்லை என்றார். முதலாளி விறகுக்காரரை மாற்றினார். அப்புறம் மாவு சரியில்லை என்றார். முதலாளி மாவையும் மாற்றினார். மாற்ற மிச்சம் இருந்தது அவர் ஒருவர்தான்.

ஒரு காலையில், தட்டுகளை ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு நின்றபோது, அந்த வாசம் வந்தது.

முதலில் அவர் நம்பவில்லை. மூச்சை அடக்கி, பிறகு ஆழமாக இழுத்தார். சந்தேகமே இல்லை. புளிப்பு அடங்கி, இனிப்பு தாண்டி, வறுத்த கடலை. நெஞ்சு நிறைய வந்தது. மூக்கு வந்துவிட்டது! இன்றே மாப்பிள்ளைக்குப் போன் போட வேண்டும், திரும்பி வாங்க, என்னால் இப்போது யாருக்கும் பாரமில்லை, முதலாளி காலில் விழுந்தாவது உங்களுக்கு ஓர் இடம் வாங்கித் தருகிறேன் என்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே முகமெல்லாம் சிரிப்பாகக் கதவை அகலத் திறந்தார்.

உள்ளே ரொட்டிகள் வெள்ளையாக இருந்தன. இப்போதுதான் எழும்பத் தொடங்கியிருந்தவை, அவர் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக உட்கார்ந்தன.

வாசம் மட்டும் போகவில்லை. அடுப்பிலிருந்து விலகிக் குழாயடிக்குப் போனார், அங்கேயும் இருந்தது. முகத்தைக் கழுவினார், தண்ணீரிலும் அதே வாசம். அது அடுப்பிலிருந்து வரவில்லை, தன் தலைக்குள்ளிருந்து வருகிறது என்று அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷம் முகர்ந்து முகர்ந்து சேர்த்து வைத்ததை மூக்கு சும்மா நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பயந்துபோய், அடுத்த சுற்றுத் தட்டுகளை ஏற்றிவிட்டுக் கதவைத் திறக்காமல் விட்டு வைத்தார். அவை கரிக்கட்டையாக வந்தன. அந்தப் புகைக்கு நடுவிலும் அவருக்குப் பக்குவமாக வெந்த ரொட்டியின் வாசம்தான் அடித்துக்கொண்டிருந்தது.

முதலாளி வந்து இரண்டு சுற்றையும் பார்த்தார். இந்த முறை திட்டவில்லை. கடைக்குள் போய் எதையோ எடுத்து வந்தார்.

"கண்ணை மூடுப்பா. இது என்ன சொல்லு."

மூக்கின் கீழே ஒரு பாட்டிலின் வாய் பட்டது.

"எசன்ஸ்" என்றார் அடுப்புக்காரர், பாட்டில் என்றால் கேக்குக்கு ஊற்றுவதாகத்தான் இருக்கும் என்ற ஊகத்தில்.

கண்ணைத் திறந்தபோது முதலாளியின் கையில் தரை துடைக்கிற பினாயில் இருந்தது.

முதலாளி அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அவன் மாமியாரைக் கூப்பிட்டதெல்லாம் இதுக்குத்தானா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நானும் உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார்.

"முதலாளி, மாப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பினா வந்துடுவார். அடுப்பு அவருக்கு நல்லா..."

"இதை அன்னிக்கு சொல்லியிருந்தா அவனை அடுப்புல நிறுத்தியிருப்பேன். உனக்கும் கடையில ஒரு ஓரத்துல ஏதாவது கொடுத்திருப்பேன். வேற அடுப்புக்காரனை நேத்தே வரச் சொல்லிட்டேன்ப்பா. ரெண்டு பேருமா சேர்ந்து என்னை முட்டாளாக்கினது போதும்." குரலில் கோபம் இல்லாததுதான் தாங்க முடியாததாக இருந்தது. "வேலை செஞ்ச நாளுக்கு வாங்கிட்டுப் போயிடு."

அவர் வீட்டுக்குப் போகவில்லை. மனைவியிடம் சொல்வதற்கு முன்னால் தங்கையிடம் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. மதிய வெயிலில் போய்ச் சேர்ந்தபோது அவள் தரையில் சட்டைகளைக் குவித்து வைத்துப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். கணவர் போனதிலிருந்து அந்த வேலையை எடுத்திருந்தாள். குழந்தை பட்டன்களை வரிசையாக அடுக்கி விளையாடியது.

"வாங்க" என்றாள். முன்பெல்லாம் 'வா அண்ணா' என்பவள். தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி ஊசியை எடுத்தாள். அடுப்பின் முன்னால் நிற்க வேண்டிய வேளையில் அண்ணன் தன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை அவள் கவனிக்காமல் இல்லை. அவர் சட்டையில் புகைக்கரி இருந்ததையும் பார்த்தாள்.

அவர் வாயெடுக்கும் முன்னால் போன் அடித்தது. சாப்பாட்டு வேளையில் கூப்பிடுவது மாவுக்காரரின் வழக்கம். அவள் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "அண்ணன் வந்திருக்கு" என்று அவரிடம் நீட்டினாள்.

"மச்சான்!" பின்னால் கல் உடைக்கிற சத்தமும் யாரோ கத்துகிற சத்தமும் கேட்டன. "எப்படி எரியுது நம்ம அடுப்பு?"

அடுப்புக்காரர் தங்கையைப் பார்த்தார். அவள் ஊசி பாதித் துணியில் நின்றிருந்தது.

"நல்லா எரியுது மாப்ளே."

"மூக்கு?"

"கொஞ்சம் கொஞ்சமா... வருது."

"அப்பாடா! இப்பத்தான் எனக்கு மூச்சே வருது. இங்க வேலை பெண்டைக் கழட்டுது மச்சான். கை ரெண்டும் பாளம் பாளமா வெடிச்சுப் போச்சு. ஓடி வந்துடலாமான்னு இருக்கும். அப்புறம், சரி, மச்சானாவது அங்க நிக்கறாரே, இப்ப நானும் அங்க வந்து நின்னா ரெண்டு பேருக்கும் வேலை இல்லாம போயிடும்னு நினைச்சுப்பேன். கல்லு அப்படியே கனம் குறைஞ்சிடும். கெட்டியா இருங்க."

தங்கை எழுந்து வந்து போனை அவர் கையிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"ஆமாங்க," என்றாள், "இன்னிக்கு வேலை சீக்கிரம் முடிஞ்சிருச்சாம், அப்படியே இங்க வந்திருச்சு. நல்லாத்தான் இருக்கு. பாப்பாவுக்குச் சூடா பன்னுகூட கொண்டாந்திருக்கு."

பட்டன்களை அடுக்கிக்கொண்டிருந்த குழந்தை நிமிர்ந்தது. எழுந்து ஓடி வந்து அவருடைய இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தது. சட்டைப் பையைத் தடவிப் பார்த்தது. முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது.

"பன்னு எங்க மாமா?"

தங்கை போனின் வாயைக் கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.